அக்னி மூலையும் தண்ணித் தொட்டியும்

மற்றவர்கள் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். இன்று பஜாரில், கடை நிறைய ஆள் இருக்கும்போது, காலி கம்ப்யூட்டர் கேபினெட் ஒன்றுக்குள் தலையை விட்டு இடவசதி பார்த்தேன்.

"குடித்தனம் போகப் போறீங்களா?" என்றாள், கூட வந்த மனைவி.

கம்ப்யூட்டரைத் தண்ணீர் ஓடவிட்டுக் குளிரவைப்பது என் நெடுநாள் ஆசை. குழாய், தொட்டி, விசிறி எல்லாம் அடங்கப் பெரிய கேபினெட் வேண்டும். அதற்கு அவள் சம்மதமும் வேண்டும்.

"கரன்ட் சாமான் அக்னி மூலை, தண்ணி ஈசானிய மூலை. ரெண்டையும் ஒரே பொட்டியில வெச்சா குடும்பம் உருப்படுமா? தண்ணி இல்லாத சின்னதா வாங்குங்க."

ஆசை அவ்வளவுதான் என்று நினைத்தேன். கடைக்காரர் அசரவில்லை.

"அதுக்குத்தான் அண்ணி பெருசு வாங்கறது. உள்ளாறயே ஈசானியத்துல தொட்டி, அக்னியில பவர் சப்ளை. சின்னதுல எடம் கம்மி, வாஸ்து பாக்க முடியாது."

மனைவி யோசித்தாள். "இதைவிட பெருசு இருக்குதாங்க?"

இருந்தது. ஆட்டோவில் அது சீட்டில் வந்தது, நான் டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டு வந்தேன்.

விசிறி வாயு மூலையில்தானே வரவேண்டும்? தெரிந்தவர்கள் கீழே கமென்ட்டில் சொல்லுங்கள்.

அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்: கம்ப்யூட்டரில் நான் ஆடுவது சீட்டுக்கட்டு ஆட்டம்தான். பழைய கம்ப்யூட்டர் இதுவரை சூடானதே இல்லை.