தோணாவின் வாயை வெட்டிய ஓவசியர்

செய்தி வந்தபோது நான் அலுவலகத்தில் ஒரு மதில் தகராறு கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வளவுக்காரர் மதிலை அரை அடி தள்ளிக் கட்டிவிட்டார் என்று ஒருவர், இல்லவே இல்லை என்று மற்றவர். தொலைபேசியில் ஓவசியர் ஆதம்பாவாவின் மகள் பர்ஸானா. "வாப்பா மௌத்தாகிட்டாங்க, மிஸ். சுபஹு தொழுதிட்டுப் படுத்தவங்க. அசருக்கு எடுக்காங்க" என்றாள். பின்னேரத் தொழுகையோடு அடக்கம். மதில்காரர்கள் இருவரையும் இன்னொரு நாள் வரச் சொன்னேன். வெளியே நாலு நாளாக விடாத மாரி மழை.

ஓவசியர் ஆதம்பாவா என்றால் எங்கள் கரையோரச் சபைகளில் வேலை செய்த உங்களில் பலருக்குத் தெரியும். சிலருக்கு அவரைப் பிடிக்காது என்பதும் எனக்குத் தெரியும். கூட்டங்களில் இடையில் எழும்பிக் கதைப்பார். தேநீர் கொடுத்தால், "பதில் தந்தா குடிக்கன்" என்று கோப்பையைத் தள்ளி வைப்பார். அவர் தோணாவுக்கு வடக்கே உள்ள முஸ்லிம் ஊரின் சபையில் வேலைகளுக்குப் பொறுப்பாக இருந்தார். நான் தெற்கே உள்ள தமிழ் ஊரின் சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். மழைத் தண்ணீரை வயல்களிலிருந்தும் வளவுகளிலிருந்தும் கடலுக்குக் கொண்டுபோகும் அந்தத் தோணாதான் எங்கள் இரண்டு சபைகளுக்கும் எல்லை. அரசாங்க வர்த்தமானியில் அப்படித்தான் இருக்கிறது: தோணாவின் மத்தி.

நான் அவரை முதலில் கண்டது சுனாமிக்கு முந்திய வருடம். ஒரு காலையில் உரப்பை ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு எங்கள் அலுவலகத்துக்குள் வந்தார். என் மேசைக்கு முன்னால் நிலத்தில் வைத்து வாயை அவிழ்த்தார். நாற்றம் தாங்கவில்லை.

"இது உங்கட குப்ப, மிஸ். எங்கட பக்கம் கிடந்திச்சி. பத்திரமாக் கொண்டந்திரிக்கன்."

எங்கள் குப்பை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். அவர் பைக்குள் கையை விட்டு, மீன் செதில் ஒட்டியிருந்த ஒரு கடித உறையை எடுத்து நீட்டினார். எங்கள் சபையின் முத்திரை. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எங்கள் உழவு இயந்திரச் சாரதி அடுத்த நாளிலிருந்து வடகரையில் குப்பை கொட்டவில்லை.

பிறகு கடல் வந்தது. அதற்குள் நானா, அண்ணன், என்று நான் கூப்பிடத் தொடங்கியிருந்த ஆதம்பாவாவின் மனைவியையும் வீட்டையும் அது கொண்டுபோனது. மகளோடும் மகனோடும் தோணாவின் வடகரையில் தகரக் கொட்டில் ஒன்றில் குடியேறினார். தென்கரையிலும் அப்படியே கொட்டில்கள், எங்கள் ஊர் மீனவக் குடும்பங்கள். தற்காலிகம் என்று சொல்லிக் கொடுத்த கொட்டில்கள். அந்தச் சொல்லின் அர்த்தத்தை நாங்கள் வருடக் கணக்கில் படித்தோம்.

தோணாவின் வாய் கோடையில் மணல் மூடிக் கிடப்பது வழக்கம்தான். மாரி தொடங்கியதும் இரண்டு கரையாரும் மண்வெட்டியோடு போய் ஒரு பகலில் வெட்டிவிடுவார்கள். யார் வெட்டுவது என்று யாரும் கேட்டதில்லை. சுனாமி அந்த வாய்க்குள் இடிந்த சுவர்களையும் ஒரு சின்னப் பாலத்தின் கொங்கிறீட் தட்டையும் கொண்டுவந்து போட்ட பிறகு மண்வெட்டிக்கு அடங்கவில்லை, பெக்கோ என்ற மண் அள்ளும் இயந்திரம் வேண்டியிருந்தது. பெக்கோ என்றால் சபை. சபை என்றால் எல்லை. அங்கிருந்துதான் எங்கள் வேதனை தொடங்கியது.

எங்கள் சபைத் தலைவர், தவிசாளர், வெட்டச் சொன்னால், வடக்குப் பாதியையும் நாங்கள் உரிமை கோருகிறோம் என்று அங்கே துண்டுப்பிரசுரம் வரும். அவர்களுடைய பெக்கோ எங்கள் பாதியில் வாளியை வைத்தால் இங்கே கடையடைப்பு. அது போர்க்காலம். ஒரு ஊரில் ஒரு கொலை விழுந்தால் மறு ஊரில் பஸ் ஓடாது. இரண்டு பக்கத்துத் தலைவர்களுக்கும் பயம் இருந்தது. நியாயமான பயம் கொஞ்சம், வாக்குப் பயம் மிச்சம்.

அதனால் கடிதம் எழுதினோம். நானும் நானாவும் பேசி வைத்து ஒரே நாளில் இரண்டு கடிதம் வரைவோம், சொல்லுக்குச் சொல் ஒன்றுபோல. அப்போதாவது இரண்டு தவிசாளர்களும் கையெழுத்து வைப்பார்கள் என்று நினைத்தோம். எங்கள் தவிசாளர் "ஒத்துழைப்புடன்" என்ற சொல்லை வெட்டினார். அவர்களுடையவர் "இரு சபைகளும்" என்பதை வெட்டினார். மிஞ்சிய கடிதங்கள் மேலிடத்துக்குப் போய், உரிய நடவடிக்கைக்காக என்ற குறிப்போடு எங்களிடமே திரும்பி வந்தன. ஒருநாள் அந்தக் கடிதக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நானா சொன்னார்: "கடிதம் ஒழுங்காப் போகுது மிஸ். தண்ணிதான் போகுதில்ல."

வெளிநாட்டு உதவி அமைப்பு ஒன்று வந்தது. இடிபாடுகளை அகற்றிப் பாலமும் கட்டித் தருகிறோம், இடத்துக்கு உரிய சபை கையெழுத்து வைத்துத் தந்தால் போதும் என்றார்கள். எந்தச் சபை? தனியாக வைத்தால் மற்றது எதிர்க்கும். சேர்ந்து வைத்தால் பாதியை விட்டுக்கொடுத்ததாகிவிடும். நானா பன்னிரண்டு தடவையாவது இரண்டு அலுவலகத்துக்கும் நடந்திருப்பார். அந்த அமைப்பின் பெண்மணி மூன்று மாதம் காத்திருந்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறு மாவட்டத்துக்குப் போனார். நாங்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்.

சுனாமிக்குப் பின் வந்த மூன்றாவது மாரியில் அது நடந்தது. மூன்று நாள் மழை. காலை எட்டு மணிக்கு நான் தோணாவுக்குப் போனபோது தென்கரைக் கொட்டில்களில் இடுப்பளவு தண்ணீர். ஒரு பெண் கைக்குழந்தையை மீன் பெட்டிக்குள் கிடத்தித் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தாள். வடகரையும் அப்படித்தான். நானா பெக்கோவோடு மணல்மேட்டில் நின்றார். சோதனைச் சாவடியில் அதிரடிப்படையினரிடம் கேட்டாராம், பத்து நிமிடத்தில் போகவிட்டார்களாம்.

சிக்கல் இதுதான். வடக்குப் பாதியில் கொங்கிறீட் தட்டு கிடந்தது, அதை உடைக்க அந்த இயந்திரத்தால் முடியாது. வெட்டினால் தெற்குப் பாதியில், வெறும் மணலில்தான் வெட்ட வேண்டும். அது எங்கள் பக்கம்.

"ஒரு வரி எழுதித் தாங்க மிஸ். எங்கட பெக்கோ உங்கட பக்கம் வெட்டுறத்துக்கு ஆட்சேபனை இல்லெண்டு. மிச்சத்த நான் பாக்கன்" என்றார்.

நான் தவிசாளருக்கு அழைத்தேன். இன்றைக்கு வெட்டவிட்டால் நாளைக்கு அதுவரைக்கும் தங்களுடையது என்பார்கள், எழுத்தில் ஒன்றும் கொடுத்துவிடாதே, நான் மேலிடத்தோடு பேசுகிறேன் என்றார். அதை நானாவிடம் சொன்னேன்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"அது தவிசாளர் செல்றது. நீங்க என்ன செல்றீங்க?"

நான் எழுதித் தரவில்லை. என் கையில் மட்டம் பார்க்கும் கோல் இருந்தது. சேலையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு மணலில் நடந்து, மிகத் தாழ்ந்த இடம் எது என்று பார்த்துக் கோலை ஊன்றினேன். எல்லைக்கு எங்கள் பக்கம் எட்டு அடி உள்ளே. அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டுச் சாரதிக்குக் கை காட்டினார். மத்தியான லுஹர் தொழுகைக்கு முன்னர் தோணா கடலோடு சேர்ந்தது. பின்னேரம் இரண்டு கரையிலும் பெண்கள் பாய்களை அலசி வேலியில் போட்டார்கள்.

அடுத்த கிழமை நானா மீது விசாரணை. சபை இயந்திரத்தை அனுமதியின்றி வேறு சபையின் எல்லைக்குள் பயன்படுத்தினார் என்பது முதல் குற்றம். சொந்தக் கொட்டிலைக் காப்பாற்ற அதைச் செய்தார் என்பது இரண்டாவது. மேட்டில் இருந்த அவருடைய கொட்டிலுக்குள் கணுக்கால் அளவுதான் தண்ணீர் இருந்தது என்று யாரும் பதியவில்லை. எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று யார் காட்டியது என அவரைக் கேட்டார்கள். தண்ணீர் எங்கே போகப் பார்த்ததோ அங்கே வெட்டினேன் என்று சொல்லியிருக்கிறார். என்னையும் கூப்பிட்டார்கள். எங்கள் சபை எழுத்து மூலம் அனுமதி கொடுத்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அது உண்மை. வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கையெழுத்து வைத்துவிட்டு எழும்பி வந்தேன்.

அவரைத் தெற்கே, கோமாரியும் தாண்டி, பொத்துவில் பக்கம் ஓர் உப அலுவலகத்துக்கு மாற்றினார்கள். தாய் இல்லாத இரண்டு பிள்ளைகளையும் சகோதரி வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. போவதற்கு முதல் நாள் அவருடைய கொட்டிலுக்குப் போனேன். கோலை ஊன்றியது நான்தான் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். அவர் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"எழுதி என்ன மிஸ்? ரெண்டு பேரையும் மாத்துவாங்க. மறுவருசமும் மழை வரும். இஞ்ச மட்டம் பாக்கத் தெரிஞ்ச ஒராள் வேணும்."

அதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

மறுவருடமும் மழை வந்தது. அவருடைய இடத்துக்கு வந்தவர் நல்ல மனிதர். மேலிடத்துக் கடிதம் இல்லாமல் ஒரு கூடை மண்ணும் அள்ளமாட்டார். நான் மட்டம் பார்த்துக் குறித்துக்கொண்டேன், அவ்வளவுதான். கொட்டில்காரர்கள் தாங்களே மண்வெட்டியோடு ஐந்து நாள் மாரடித்து ஒரு சின்ன வழி எடுத்தார்கள்.

போர் முடிந்த வருடம் நானா ஓய்வுபெற்றுத் திரும்பினார். அதற்குள் தலை முழுக்க நரைத்திருந்தது. அலுவலகத்துக்கு என்னைப் பார்க்க வந்தவர், பொத்துவில் தொடங்கிக் காரைதீவுப் பக்கம் வரைக்கும் பஸ்ஸை நிறுத்தி யாரும் இறக்கிச் சோதிக்கவில்லை என்று ஆச்சரியப்பட்டார். "செக்பொயின்ட் எல்லாம் கழட்டிட்டாங்க மிஸ். நம்மட எல்ல மட்டும் அப்பிடியே இரிக்கி." இனியாவது முடியும் என்று அவர் நினைத்தார். நானும் நினைத்தேன். கூட்டுக் குழு ஒன்று போட்டார்கள். அது எல்லையை அளப்பதற்கு யார் அளவையாளரைக் கூப்பிடுவது என்று நாலு தடவை கூடியது. ஐந்தாவது கூட்டத்துக்கு அவரும் போய்ப் பின்வரிசையில் இருந்தார். எழும்பிக் கதைக்கத் தொடங்கியதும், எந்தத் தகுதியில் பேசுகிறீர்கள் என்று தலைமை தாங்கியவர் கேட்டார். "தண்ணி ஏறுற வீட்டுக்காரன்" என்றார் நானா. உட்காரச் சொன்னார்கள். கூட்டம் முடியும் முன்னர் எழும்பிப் போய்விட்டார். நான் கடைசியாகக் கண்டது அந்த முதுகைத்தான்.

அவர் காலமான அன்று பகல் பர்ஸானாவோடு பெண்கள் இருந்த அறையில் இருந்தேன். "கடைசி மட்டும் தோணாவச் செல்லித்தான் ஏசிட்டிருந்தாங்க மிஸ்" என்றாள். அசருக்கு ஜனாசாவை அடக்கம் செய்ய எடுத்தார்கள். திரும்பி வரவேண்டிய ஆண்கள் வரவில்லை. பொழுது பட்டு மஃரிபு தொழுவதற்குச் சற்று முன்னர் அவருடைய மகன் வந்தான். சேறு படிந்த கால்களோடு வாசலில் நின்று, தன்னை வளர்த்த மாமியிடம் மெதுவாகச் சொன்னான். அடக்கும் இடமான மையவாடி தோணாவின் வாய்க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வாய் மூடிக் கிடந்ததால் தோண்டிய கபுறுக் குழியில் தண்ணீர் ஊறிவிட்டது. இறைக்க இறைக்க ஊறியது. மேட்டில் இன்னொன்று தோண்டினார்கள், அதிலும் ஊறியது. கடைசியில் கடற்கரை மணலைச் சாக்குகளில் சுமந்து கொட்டி, அதன் மேல் வைத்து அடக்கினார்கள்.

அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. வாயை வெட்டக் கேட்டு மாரியில் கிழமைக்கொன்று எழுதும் தோணாக் கடிதம் அன்றும் கையெழுத்துக்காக எங்கள் தவிசாளரின் மேசையில் கிடந்தது. நான்தான் வரைந்து வைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் இன்னொரு கடிதம் எழுதினேன், என் பெயரில். அன்று வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டியது நானே என்றும், என்னுடைய பழைய வாக்குமூலம் குறையானது என்றும், ஆதம்பாவாவின் விசாரணைக் கோவையில் இதைச் சேர்க்க வேண்டும் என்றும் எழுதினேன். ஒரு கிழமையில் பதில் வந்தது. எங்கள் வேலையில் அவ்வளவு விரைவாகப் பதில் வந்து நான் கண்டதில்லை. சம்பந்தப்பட்ட உத்தியோகத்தர் காலமாகிவிட்டபடியால் கோவை மூடப்பட்டுள்ளது என்று இரண்டு வரி. கோவையில் ஏறாதது உங்கள் காதிலாவது ஏறட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன். அவர் அத்துமீறவில்லை. நான் கோல் ஊன்றிக் கூப்பிட்டுத்தான் எங்கள் பக்கம் வந்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது பொறுமை என்று எழுதத்தான் இந்த மாதிரி அஞ்சலி எழுத்தில் கை போகும். அது பொய். அவரிடம் பொறுமை இருக்கவில்லை. தேங்கிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாத அந்த அவசரம்தான் அவர். அதில் கொஞ்சம் எனக்கும் வந்திருக்கிறது, மிகவும் பிந்தி.

ஜனாசாவுக்குப் பதினோராம் நாள் இரண்டு சபைகளும் வாயை வெட்ட இணங்கின. இரண்டு பெக்கோக்கள் வந்தன. புதிய இயந்திரங்கள், கொங்கிறீட் தட்டையும் உடைத்து எடுத்தன. ஒவ்வொன்றும் தன்னுடைய பாதியை மட்டும் வெட்டிவிட்டு, மற்றதன் வாளி படாமல் கவனமாகப் பின்வாங்கிப் போனது. நட்ட நடுவில், இரண்டு பக்கத்தையும் பிரித்துக்கொண்டு, ஓர் அடி அகலத்தில் மணல் வரம்பு ஒன்று மிஞ்சி நின்றது. தண்ணீர் அதில் முட்டிக்கொண்டு நின்றது. வடகரை மீனவர் ஒருவர் என்னிடம், அவர்கள் திரும்பி வருவார்களா என்று கேட்டார். வரமாட்டார்கள் என்றேன். அவருடைய மண்வெட்டியை வாங்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன்.