டக்ட் அக்கா லேப்டாப்பைத் திறந்த கதை

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் டக்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பெரிய கட்டடங்களின் கூரைக்குள் குளிர்காற்று போகிற தகரக் குழாய்க்கு டக்ட் என்று பேர். அது எந்தச் சுவரைத் துளைத்து எங்கே திரும்ப வேண்டும் என்று கணினியில் படம் போடுவது அக்காவின் வேலை. இருபத்திரண்டு வருஷமாகப் போடுகிறார். ஏதாவது ஒரு மருத்துவமனையில் உங்களுக்கு வேர்க்காமல் இருந்திருந்தால் அதில் பாதிப் புண்ணியம் அவருக்குச் சேரும்.

நான் பக்கத்து மேசை. தண்ணீர்க் குழாய்க்குப் படம் போடுகிறவன். இந்தக் கதையைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்பது சந்தேகம்தான். மேனேஜர் அக்காவைக் கேலி செய்த அன்று சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் படங்களைத் திறக்கச் சொல்லித் தட்டிய நொடியிலிருந்து மூடுகிற நொடி வரைக்கும் கம்ப்யூட்டர் நேரத்தைக் குறித்துக்கொண்டே இருக்கும். மாதக் கடைசியில் யார் வேகம், யார் மெதுவு என்று பட்டியல் வரும். அக்காவுக்குக் கொடுத்திருந்த லேப்டாப்பில் ஒன்பது மாடிக் கட்டடத்தின் படம் திறக்கப் பதினோரு நிமிஷம் ஆகும். அந்தப் பதினோரு நிமிஷமும் அவர் தலையில்தான் விடியும். மூன்று வருஷமாகப் பட்டியலில் கடைசிப் பேர் அவருடையது. வயது ஐம்பத்து மூன்று. அப்புறம் என்ன, மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக் கூட்டத்தில் அறிவித்துவிட்டு, திங்கள் முதல் அக்காவைக் கோப்பு அறைக்கு மாற்றுவதாக ஏற்பாடு. பழைய படங்களை அடுக்கி வைக்கிற வேலை. சம்பளம் குறையாது என்று வேறு சொன்னார்கள், என்னவோ அதுதான் அவருடைய கவலை என்பது போல.

"மெஷின்தான் சார் மெதுவு, நான் இல்ல," என்று அக்கா சொல்லிப் பார்த்தார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார் மேனேஜர். அப்போதுதான் நாங்கள் சிரித்தது.

"கூடம் கோணலா இல்லையான்னு அளந்து சொல்றதுதான் சார் என் வேலை," என்றார் அக்கா. "கோணல்தான்."

இதை வேகமாக்க வழி உண்டா என்று கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற தம்பியிடமும் கேட்டார். "இதுல ஒண்ணும் ஏத்த முடியாதுக்கா. ராம் எல்லாம் போர்டுலயே ஒட்டி வர்றது," என்றான் அவன். ராம் என்பது கம்ப்யூட்டரின் நினைவகச் சில்லு; அது போதாவிட்டால் பெரிய படம் திறக்கத் திணறும்.

"திறந்து பாத்தியாப்பா?"

"திறக்கவே வேணாம்க்கா. எனக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியாது. அக்கா லேப்டாப்பின் அடியில் இருந்த மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன் பழுதுபார்க்கும் கையேட்டைத் தேடி எடுத்து, பஸ்ஸில் வரப் போகப் படித்தார். ஒட்டி வந்த ராம் நான்கு ஜிபி இருப்பது நிஜம்தான். அதன் பக்கத்திலேயே இன்னொன்று செருக ஒரு ஸ்லாட் உண்டு என்று கையேடு சொன்னது. கைக்காசைப் போட்டுப் பதினாறு ஜிபி ராம் ஒன்று வாங்கிவிட்டார்.

"ஆபீஸ் சாமான்ல கை வச்சா வேலையே போயிடும்டி," என்றாராம் அவர் கணவர்.

"கோப்பு அறைக்குப் போனா மட்டும் வேலை இருக்கா?" என்று கேட்டாராம் இவர்.

வெள்ளிக்கிழமை மதியம் என்னைத் தவிர எல்லோரும் சாப்பிடப் போனதும் அக்கா லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்தார். முதல் வேலையாக அதன் அடிப்பக்கத்தை ஒரு தாளில் படமாக வரைந்தார். பத்து ஸ்க்ரூ. ஒவ்வொன்றையும் கழற்றக் கழற்ற, படத்தில் அதே இடத்தில் டேப் போட்டு ஒட்டினார். ஒன்றிரண்டு நீளம், மற்றவை குட்டை. மாற்றிப் போட்டால் போர்டைக் குத்திவிடும். பிறகு எழுந்து போய் இரும்பு பீரோவைத் தொட்டுவிட்டு வந்தார்.

"எதுக்குக்கா?"

"உடம்புல கரண்ட் சேந்திருக்கும். சுருக்குன்னு ஒண்ணு பாஞ்சா போதும், இது செத்துடும். மூணு வருஷமா எனக்கு எவ்வளவு சுருக்குன்னு இருந்திருக்கும், நான் செத்தா போயிட்டேன்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மூடியைத் தூக்கினார். பேட்டரி வயரைப் பிடுங்கினார். தூசிக்கு நடுவே அந்த ஸ்லாட் காலியாகக் கிடந்தது. "பாரு," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அது அழுகை இல்லை, ஆத்திரம். ராமைச் சாய்த்துச் செருகி அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. வயரை மாட்டி, பத்து ஸ்க்ரூவையும் அதனதன் இடத்தில் முடுக்கி, பொத்தானை அழுத்தினார்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. அடி மூடி திறக்கப்பட்டிருக்கிறது, நிர்வாகியின் பாஸ்வேர்டைக் கொடு என்று கேட்டது. அலுவலகங்களுக்கென்று செய்கிற லேப்டாப்பில் மூடியைத் திறந்தால் காட்டிக்கொடுக்க உள்ளே ஓர் உளவாளி வைத்திருப்பார்களாம். கையேட்டில் அந்தப் பக்கத்துக்கு 'திருட்டுப் பாதுகாப்பு' என்று தலைப்பு. நான் என்ன திருடியா என்று அக்கா அதைப் படிக்காமலே தள்ளிவிட்டிருக்கிறார்.

மணி இரண்டே முக்கால். நான் எட்டிப் பார்த்தேன்; கூட்ட அறையில் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். "அக்கா, கழட்டிடலாம்க்கா."

"கழட்டினாலும் கேக்கும். திறந்தது திறந்ததுதான்."

"அந்தத் தம்பிகிட்ட தனியா கெஞ்சிப் பாக்கலாமே."

"கெஞ்சவா? எதுக்கு?" லேப்டாப்பை இடுப்பில் குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு நேரே கூட்ட அறைக்குள் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அறை நிறைந்திருந்தது. அவர் அதை மேனேஜர் முன்னால் வைத்தார்.

"சார், இதை நான் திறந்தேன். ராம் போட்டிருக்கேன். பாஸ்வேர்டு கேக்குது, போடச் சொல்லுங்க."

"கம்பெனி சொத்தும்மா இது! யாரைக் கேட்டுத் திறந்தீங்க?"

"மூணு வருஷமா உங்களைத்தான் சார் கேட்டேன்."

மேனேஜர் கத்தித் தீர்த்துவிட்டுக் கண்ணைக் காட்ட, கம்ப்யூட்டர் தம்பி நிமிராமல் வந்து பாஸ்வேர்டைத் தட்டினான். அக்கா நின்றபடியே ஒன்பது மாடிப் படத்தைத் திறந்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் பத்து நொடி. யாரும் சிரிக்கவில்லை.

"இருந்தாலும் கம்பெனி விதின்னு ஒண்ணு இருக்கில்ல," என்றார் மேனேஜர். "போட்டதைக் கழட்டிடுங்க."

"தாராளமா கழட்டறேன் சார். கழட்டினப்புறம் இதே மெஷின்ல இதே படத்தை நீங்க ஒரு தடவை திறங்க. பதினோரு நிமிஷமும் நாங்க எல்லாரும் நின்னு பாக்கறோம்."

மேனேஜர் எங்களைப் பார்த்தார். "நானும் பாக்கறேன் சார்," என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். அதற்குப் பிறகு இன்னும் நாலைந்து குரல்கள். மேனேஜர் முன்னால் இருந்த தாள்களைச் சேர்த்துத் தட்டி, அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்றார்.

திங்கட்கிழமை அக்கா தன் மேசையில்தான் உட்கார்ந்தார். அனுமதியில்லாமல் மூடியைத் திறந்ததற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ மட்டும் வந்தது. நான்கு வரியில் பதில் எழுதினார்: 'ஆமாம், திறந்தேன். உள்ளே காலி இடம் இருந்தது. இருக்கிறதா என்று நீங்கள் யாரும் பார்க்கவில்லை. மூன்று வருஷம் என் பேருக்கு நேரே மெதுவு என்று எழுதியதற்கு உங்கள் விளக்கத்தை எதிர்பார்க்கிறேன்.'

விளக்கம் வரவில்லை. அக்கா விடுகிற ஆளா? வாரத்துக்கு ஒரு நினைவூட்டுக் கடிதம் அனுப்பிக்கொண்டிருக்கிறார். நேற்றுப் பதினான்காவது போனது. அதன் அடியில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.