நான்காவது விளக்கு

நாயுடுபுரத்தில் எலெக்ட்ரீசியன் வேலுசாமியைத் தெரியாதவர்கள் குறைவு. இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்து, மண்டபம் முகாமில் சில வாரம் இருந்து, பிறகு கொடைக்கானல் மலையேறினார். அப்பா வாட்டில் மரம் வெட்டப் போனார். மகன் கோடரியைத் தொடவில்லை; ஒயரிங் வேலை கற்றுக்கொண்டார். அளந்து பேசுவார். ஒரு வீட்டில் வேலை பார்த்தால் அந்த வீட்டை அப்புறமும் நினைவில் வைத்திருந்து, மழைக்காலம் தொடங்கும்போது கூப்பிடாமலே வந்து மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போவார்.

வட்டக்கானல் போகும் வழியில் தண்டாயுதபாணி என்பவரின் பங்களா இருந்தது. திண்டுக்கல்லில் நூற்பாலை வைத்திருந்தவர். முதுகு வலிக்கு வெந்நீரில் நடக்கச் சொன்னார் டாக்டர் என்று, ஊரே ஸ்வெட்டருக்குள் ஒடுங்கிக் கிடக்கும் இடத்தில், கண்ணாடிக் கூரை போட்டு ஒரு நீச்சல்குளம் கட்டினார். தண்ணீரைச் சூடாக்க ஹீட்டர். சுவரில் தண்ணீருக்கு அடியில் நான்கு ஹாலோஜன் விளக்குகள், ஒவ்வொன்றும் முந்நூறு வாட். கட்டிய காண்டிராக்டர் அவற்றுக்கு நேராக இருநூற்று முப்பது வோல்ட் வீட்டு மின்சாரத்தையே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதைப் பராமரிக்கும் பொறுப்பு வேலுசாமியிடம் வந்தது.

இரண்டாயிரத்து எட்டில் மின்வெட்டு அதிகமானது. ஜெனரேட்டரில் ஹீட்டரை ஓட்டினால் விளக்குகள் மங்கின. விளக்குகளைப் போட்டால் ஹீட்டர் திணறியது. மறுவருஷம் பங்களா நிர்வாகத்தை ஏற்ற மருமகள் மகாதேவி, சென்னையிலிருந்து நான்கு எல்.இ.டி. விளக்குகளை வரவழைத்தாள். ஒன்றுக்கு இருபத்தைந்து வாட் போதும். பன்னிரண்டு வோல்ட்டில் எரிபவை என்பதால் ஒரு டிரான்ஸ்பார்மரும் கூடவே வந்தது.

"பழசு நாலையும் கழட்டிட்டு இதை மாட்டிடுங்க," என்றாள். "ஆமா, அந்த மூலை லைட் மட்டும் ஏன் எரியவே மாட்டேங்குது? நான் கல்யாணமாகி வந்ததுலேர்ந்து பாக்குறேன்."

"அது போயிருச்சும்மா," என்றார் வேலுசாமி.

அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார். வரவில்லை. அதற்கடுத்த வாரம் காய்ச்சல் என்றார். மூன்றாவது முறை மகாதேவி ஆள் அனுப்பியபோது, வேறு வழியில்லாமல் பையை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த மூலை விளக்கு போகவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்பு வேலுசாமிதான் அதன் ஒயரைத் துண்டித்து வைத்திருந்தார்.

அந்தக் காலத்தில் குளத்தைச் சுத்தம் செய்தவர் சிவராமன். வேலுசாமி குடும்பத்தோடு ஒரே கப்பலில் வந்த குடும்பம். வேலுசாமி அவரை மச்சான் என்பார். சிவராமனின் மனைவி பெருமாயிக்கு வேலுசாமி அண்ணன் முறை. இரண்டாயிரத்து மூன்று டிசம்பரில் ஒருநாள், மறுநாள் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று இருவருக்கும் வேலை இருந்தது. மூலை விளக்கின் பல்பு போயிருந்தது. வேலுசாமி அதைக் கழற்றிப் புதுப் பல்பு போட்டார். கண்ணாடிக்கும் உலோக வளையத்துக்கும் நடுவே தண்ணீர் புகாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம் உண்டு. பழையது காய்ந்து இறுகிப்போயிருந்தது. புதுசு கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். ஒரு வாரம்தானே என்று பழையதையே பசை தடவி மாட்டினார்.

வெளியே மூடுபனி. குளத்தறைக்குள் இருட்டாக இருந்தது. "லைட்டு எரியட்டும் மச்சான், அப்பத்தான் பாசி கண்ணுக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு சிவராமன் பிரஷோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். வேலுசாமி ஏணியை எடுத்துவைக்க வெளியே போனார். திரும்பி வந்தபோது சிவராமன் குப்புற மிதந்துகொண்டிருந்தார். அவரை இழுக்கத் தண்ணீரில் கையை வைத்த வேலுசாமிக்கு முழங்கை வரை சுரீரென்றது. ஓடிப்போய் மெயினை அணைத்தார். பிறகு குதித்து வெளியே தூக்கினார். உயிர் இல்லை.

உடம்பில் ஒரு காயமும் இல்லை. மூழ்கி இறந்ததாக ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதினார்கள். சிவராமன் முன்பு குடிப்பவர் என்பது ஊருக்குத் தெரியும். "தண்ணியப் போட்டுட்டுத் தண்ணிக்குள்ள எறங்கினா வேற என்ன ஆகும்?" என்று இழவு வீட்டிலேயே ஒருவர் சொன்னார். பெருமாயி காதில் அது விழுந்தது. இருபது நாளைக்கு முன்புதான் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் கற்பூரத்தை அணைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்று அவளிடம் சத்தியம் செய்திருந்தார் மனிதர். அவள் அதற்குப் பிறகு அழவில்லை. சுவரில் அவர் படத்தையும் மாட்டவில்லை.

வேலுசாமி அங்கேதான் நின்றிருந்தார். வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு அந்த வீட்டுக்கு அவர் செய்யாத உதவி இல்லை. கூரைத் தகரம் மாற்றினார். மகள் சுமலதாவைத் திண்டுக்கல்லில் நர்சிங் படிப்பில் சேர்க்க அலைந்தார். கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று ஊர் பேசியது. அப்படி யாராவது சொன்னால் அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மகாதேவி ஆள் அனுப்பிய அந்த நாளில் குளத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, மூன்று விளக்குகளை மதியத்துக்குள் கழற்றினார். நான்காவதின் திருகாணி துருவேறி அசைய மறுத்தது. அது கழன்றதும், உள்ளேயிருந்து ஆறு வருஷத் தண்ணீர் காபி நிறத்தில் அவர் கைமேல் வழிந்தது. ரப்பர் வளையம் விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. பிளவின் இரு பக்கமும் அவர் தடவிய பசை. தெரிந்த விஷயம்தான். ஆனாலும் கண்ணால் பார்த்தபோது தண்ணீர் வடிந்த குளத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மாலை வரை அவர் எதையும் தொடவில்லை. பிறகு அந்த வளையத்தைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெருமாயி வீட்டுக்கு நடந்தார்.

அவள் விடுதிச் சமையல் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். "வாங்கண்ணே, தேத்தண்ணி ஊத்தவா?"

"வேணாம் தங்கச்சி. ஒரு விசயம் கதைக்கணும். ஒக்காரு."

கைக்குட்டையைப் பிரித்து வைத்தார். பல்பு மாட்டியது, புது வளையம் வராதது, கையில் ஷாக் அடித்தது, மெயினை அணைத்தது என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு அவரு குடிச்சிருந்தாரா?" என்று கேட்டாள். அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"இல்ல. வெள்ளனே என்கூடத்தான் வந்தாரு. ஒரு தேத்தண்ணி, ரெண்டு பன்னு. அவ்வளவுதான்."

"ஊரு பேசினப்ப நீங்க அங்கனதானே நின்னீங்க."

"நின்னேன்."

"அந்த மனுசன் சத்தியத்தை மீறிட்டாருன்னு ஆறு வருசமா வஞ்சுக்கிட்டுக் கெடக்கேன். திதி குடுக்கல. படத்தைப் பொட்டிக்குள்ள போட்டு வச்சிருக்கேன். பல்பு மாட்டினது தப்புன்னுகூட விட்டுருவேன். கை தப்பு எல்லாருக்கும் வரும். இதை எப்படி விடுவேன்?"

அவள் எழுந்துபோய்ச் சுமலதாவின் பழைய நோட்டையும் பேனாவையும் எடுத்துவந்தாள்.

"இப்பச் சொன்னதை ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க," என்றாள். எழுதிக் கொடுத்தார். "இனிமே இங்கன வராதீங்க," என்று கதவைச் சாத்தினாள்.

மறுநாள் மகாதேவியிடமும் சொன்னார். அவள், "மாமாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"ஐயாவுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாதும்மா. இந்த வேலைக்கு நீங்க வேற ஆளு பாத்துக்கிட்டாலும் சரிதான்."

அவள் யோசித்துவிட்டு, வேலையை அவரே முடிக்கட்டும், முடிந்ததும் மதுரையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து சோதிப்பார் என்றாள். அன்று மதியம் அவளே பெருமாயி வீட்டுக்குப் போய்வந்தாள். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று வேலுசாமி கேட்கவில்லை.

நான்கு நாள் அந்த வேலையில் கிடந்தார். பழைய ஒயர்களை முழுக்க உருவி எடுத்தார். டிரான்ஸ்பார்மரைக் குளத்தறைக்கு வெளியே வைத்தார். புதிதாகக் குழி தோண்டி எர்த் கம்பி இறக்கினார். மின்சாரம் துளி கசிந்தாலும் தானே அணைந்துவிடும் ஸ்விட்ச் ஒன்றைப் பொருத்தினார். குளம் நிரம்பியதும் விளக்கைப் போட்டார். நிலா வெளிச்சம் போல் நான்கு மூலையிலும் வெள்ளையாக எரிந்தது. இன்ஜினியர் மீட்டரை நீட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு வேலுசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே அந்தத் தண்ணீரில் இறங்கி, மூலை விளக்கின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். அன்று ஹீட்டர் போடவில்லை.

டிசம்பரில் பெருமாயி முதன்முறையாகக் கணவனுக்குத் திதி கொடுத்தாள். தெருக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, அந்தத் தாளைச் சுமலதாவை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். வேலுசாமியை அவள் அழைக்கவில்லை. தன் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த அவருக்குப் படிக்கிற குரல் கேட்டது, வார்த்தைகள் கேட்கவில்லை. அன்றிலிருந்து போலீஸ் வரும் என்று தினமும் எதிர்பார்த்தார். வந்தால் போவதற்கு ஒரு பையில் துணி எடுத்துவைத்திருந்தார். யாரும் வரவில்லை. சில வீடுகளில் அவரை வேலைக்குக் கூப்பிடுவது மட்டும் நின்றது. அதை அவர் குறையாகச் சொல்லவில்லை.

விடுமுறை முடிந்து கிளம்பும் நாளில் சுமலதா அவர் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. நர்சிங் படிக்கிற பெண். கண்ணைத் தாழ்த்தாமல் கேட்டாள்:

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அப்பா கத்துனாங்களா?"

ஆறு வருஷத்தில் இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. எழுதிக் கொடுத்த தாளிலும் இது இல்லை.

"கத்தலம்மா," என்றார். "வேலுன்னு என் பேரைச் சொன்னாரு. ஒரு தடவைதான். ஏணியை வச்சுட்டு வரலாம்னு இருந்துட்டேன்."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினாள்.