இருமினால் உள்ளே விடமாட்டார்கள்

கொரோனா மூன்றாம் அலை அடங்கி, சின்ன வகுப்புகளையும் பள்ளிக்கு வரச் சொன்ன பிப்ரவரி மாதம் அது. எண்ணூரில், லாரிகள் ஓயாமல் போகும் சாலையை ஒட்டியிருந்தது என் மகள் படித்த பள்ளி. அவள் அப்போது இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்பு முழுவதையும் அவள் அப்பாவின் செல்போனில்தான் படித்து முடித்திருந்தாள். வகுப்பில் பாதிப் பேர் ஒரு நாள், மீதிப் பேர் மறுநாள் என்று பிரித்திருந்தார்கள். தன் முறை வந்த அன்று, முழங்காலுக்கு மேலே ஏறிவிட்ட சீருடையைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்பே தயாராகிவிட்டாள்.

வாசலில் ஒரு மிஸ் நின்று காய்ச்சல் பார்த்தார். காய்ச்சல் இல்லை. ஆனால் அவர் முன்னால் போய் நின்றதும் இவளுக்கு இருமல் வந்துவிட்டது.

"இருமல் இருந்தா உள்ளே விடக் கூடாதும்மா. சரியானதும் கூட்டிட்டு வாங்க."

நான் மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பினேன். விதி என்றால் விதி, மற்ற பிள்ளைகளுக்கும் அம்மாக்கள் இருக்கிறார்களே என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. இது கொரோனாவாகவே இருந்து, நான்தான் வழக்கமான இருமல் என்று அலட்சியமாக இருந்துவிட்டேனோ? உடனே பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். இல்லை என்று வந்தது.

டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "எண்ணூரா? சாம்பல் தூசிம்மா இது. வீடு மாத்த முடியுமா?" என்று கேட்டார். கணவருக்கு வேலை துறைமுகத்தில். எங்கே மாற்றுவது?

அனல்மின் நிலையத்துச் சாம்பல் எங்களுக்குப் புதிதல்ல. காய்ந்த துணியை நாலு முறை உதறாமல் இங்கே யாரும் மடிப்பதில்லை. நடக்கப் பழகிய நாளிலிருந்தே என் மகள் இப்படித்தான் இருமுகிறாள். அதுவரை ஒருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அடுத்த முறை பரிசோதனை முடிவை எடுத்துக்கொண்டு போனேன். "ரிசல்ட் சரிம்மா, இருமல் நிக்கலையே. மத்த பேரன்ட்ஸ் என்கிட்ட சண்டைக்கு வர்றாங்க" என்றார் மிஸ். மறுபடியும் திரும்பினோம். வழியில் மகள் கேட்டாள்: "நான் போன்லயே படிக்கட்டுமாம்மா? அதுல மியூட் போட்டா இருமறது கேட்காது."

அப்போதுதான் எனக்குள் ஏதோ கொதிக்க ஆரம்பித்தது.

எதிர்வீட்டு அக்காவின் பையனும் அதே பள்ளி, அதே இருமல். அவன் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தான். எப்படி என்று கேட்டேன். "இன்னாமா, படிச்ச பொண்ணு, இது தெரியாதா? வாய்ல பனங்கற்கண்டு போட்டு அடக்கிக்கினு நிக்கச் சொல்லு. கேட்டைத் தாண்டிக்கினா அப்பால எவ்ளோ வேணா இருமட்டும்."

இருமலை மறைக்கச் சொல்லிப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பதா? அதற்கு மனம் வரவில்லை. ஆனால் அவளைப் போனிலேயே விட்டுவிடவும் முடியவில்லை. அடுத்த முறை கற்கண்டை வாயில் போட்டுத்தான் கூட்டிப் போனேன். வரிசையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் சிவந்து கண்ணில் நீர் கட்டியது. சுற்றிலும் பார்த்தேன். எத்தனையோ பிள்ளைகளின் மாஸ்க்குக்கு உள்ளே ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு சாம்பல் லாரி, மேலே மூடியிருந்த தார்ப்பாய் காற்றில் படபடக்க, பள்ளிக்கு முன்னால் இருந்த வேகத்தடையில் ஏறி இறங்கியது. வெள்ளையாக ஒரு புகை எங்கள் மேல் கவிந்தது. வரிசை மொத்தமும் இருமியது. பிள்ளைகள் மாஸ்க்கை இழுத்துவிட, கற்கண்டுகள் தரையில் விழுந்தன. மிஸ்ஸும் குனிந்து, மாஸ்க்கை இறக்கிவிட்டு இருமினார். இருமல் நிற்கவே இல்லை.

பின்னாலிருந்து எதிர்வீட்டு அக்கா குரல் கொடுத்தார். "இன்னா மிஸ், உங்களுக்கும் இருமல் கீது? வூட்டுக்குப் போய் சரியானதும் வாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொது இடத்தில் குரல் உயர்த்தியே பழக்கமில்லாத நான், "எங்க பசங்களைத் திருப்பி அனுப்புறீங்களே மிஸ், அந்த லாரியை யாராவது ஒரு நாள் திருப்பி அனுப்பியிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டை முழுதாகத் திறந்துவிட்டார். என் மகள் இருமிக்கொண்டே உள்ளே ஓடினாள்.

அன்று கத்தியது சரிதானா என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். பெரம்பூரிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வந்து, சொன்ன வேலையைச் செய்தவர் அவர். கேள்வி அவரிடம் கேட்க வேண்டியதல்ல. ஆனால் கேட்க வேண்டியவர்கள் யாரும் எங்கள் பிள்ளைகள் நிற்கும் வாசலுக்கு வருவதில்லையே.

காய்ச்சல் பார்க்கும் கருவியெல்லாம் எப்போதோ காணாமல் போய்விட்டது. மகள் இப்போது பெரிய வகுப்பு. இன்றும் காலையில் இருமிக்கொண்டேதான் கிளம்புகிறாள், ஒருவரும் நிறுத்துவதில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் இருமல் மற்றவர்கள் காதில் விழுந்தது அந்தச் சில வாரங்கள் மட்டும்தான். அதுவும் அது தங்களுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தில்தான் என்பதை நினைத்தால், எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.