மேல் லயத்துப் பல்லும் கீழ் லயத்துப் பல்லும்

போன வாரம் சிரம்பானில் ஒரு சூப்பர்மார்க்கெட். சீனி வாங்கப் போன என்னை ஒரு பெண் மடக்கினாள். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் அட்டை, கையில் பற்பசை. டாக்டரா? இல்லை... பற்பசைக் கம்பெனி.

"அங்கிள், இது ட்ரை பண்ணிப் பாருங்க லா. கிளினிக்கல் ரிசர்ச்ல ப்ரூவ் பண்ணது."

"யார் வாயிலம்மா ப்ரூவ் பண்ணாங்க?"

விழித்தாள். அவளுக்குக் கொடுத்த ட்ரெய்னிங்கில் இந்தக் கேள்வி இல்லை போலிருக்கிறது. "எல்லார் வாயிலயும்தான் அங்கிள்" என்று சிரித்துச் சமாளித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படி ஒரு ஆராய்ச்சி என் வாயிலேயே நடந்திருக்கிறது. சொன்னால் அந்தப் பெண் நம்பமாட்டாள். நீங்கள் நம்புவீர்கள் என்று நினைக்கிறேன்.

ஜப்பான்காரன் காலம். பகாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் தமிழ்ப்பள்ளி வாத்தியார். வெள்ளைக்கார மானேஜர் ஓடிவிட்டார். என்னைச் சிரம்பானுக்குக் கூப்பிட்டு அவசர அவசரமாக ஜப்பான் மொழி புகட்டித் திருப்பி அனுப்பினார்கள். வணக்கம் சொல்ல, குனிய, மன்னிப்புக் கேட்க... இந்த அளவுக்குத் தெரியும். அந்தக் காலத்துக்கு அதுவே தாராளம். தோட்டத்துக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளன் என்றும் ஆகிவிட்டது.

அரிசி என்பது காதில் விழும் செய்தி. வாய்க்குள் விழுந்தது மரவள்ளிக் கிழங்கு. காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, இரவில் மிச்சமிருந்த கிழங்கு. கொஞ்ச நாளில் எல்லாருக்கும் ஈறு வீங்கியது. கிழங்கைக் கடித்தால் கிழங்கு சிவந்தது. பேசினால் பல் ஆடியது.

எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் கிடையாது. டிரெஸர் ஞானமுத்துதான் எல்லாம். புண்ணுக்குக் கட்டுப் போடுவார், காய்ச்சலுக்குக் கசப்பு மருந்து ஊற்றுவார், பல் வலித்தால் பிடுங்குவார். எந்தப் பல் வலிக்கிறது என்று அக்கறையாக விசாரிப்பார். காட்டின பல்லைத்தான் பிடுங்குவார் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை.

மனிதருக்கு டாக்டராக வேண்டும் என்று ஆசை. ஆகவில்லை. அந்தக் குறையை இங்கிலீஷ் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார்—எல்லாரிடமும், பால் மரம் சீவுகிறவர்களிடம்கூட.

ஓடிப்போன வெள்ளைக்கார டாக்டர் விட்டுச்சென்ற ஒரு பழைய மருத்துவப் பத்திரிகை அவர் கையில் சிக்கியது. அதில் ஒரு கட்டுரை. புது மருந்தை எப்படிச் சோதிப்பது? ஆட்களை இரண்டு கூட்டமாகப் பிரி. ஒரு கூட்டத்துக்கு மருந்து கொடு. இன்னொரு கூட்டத்துக்கு அதே மாதிரி தெரிகிற போலி மருந்து கொடு. எது எவருக்கு என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது. அப்புறம் யாருக்குக் குணமாகிறது என்று பார்.

படித்த நாளிலிருந்து டிரெஸருக்கு நிலை கொள்ளவில்லை.

பல்பொடி ஒன்று தயாரித்தார். கரி, உப்பு, பகாவில் தமிழ் முஸ்லிம் ஒருவரின் மாமாக் கடையில் கெஞ்சி வாங்கின கிராம்பு. பல் வெளுக்கும் என்று என் பள்ளிக்கூடத்துச் சுண்ணக்கட்டிகளையும் அள்ளிக்கொண்டு போனார். "கண்டுபிடிச்சா மட்டும் பத்தாது வாத்தியாரே. ப்ரூவ் பண்ணணும். அப்பதான் உலகம் ஒத்துக்கும்!"

உலகம் அப்போது பற்றி எரிந்துகொண்டிருந்தது. அது கொஞ்சம் நின்று, பகாவ் பக்கத்து ஈறுகளைத் திரும்பிப் பார்க்கும் என்று அவர் நம்பினார்.

எங்கள் தோட்டத்தில் மேட்டில் ஒரு வரிசை வீடுகள், பள்ளத்தில் ஒரு வரிசை வீடுகள். மேல் லயத்துக்கு மருந்துப் பொடி. கீழ் லயத்துக்கு இடித்த வெறுங்கரி. நான் கீழ் லயம். எது யாருக்கு என்பது பரம ரகசியம்! மேல் லயத்துப் பொடி மட்டும் கிராம்பு மணத்தது. ரகசியம் முதல் நாள் காலையிலேயே மூக்கு வழியாக வெளியே வந்துவிட்டது.

"எங்களுக்கு மட்டும் அடுப்புக் கரியா?" என்று கீழ் லயம் சண்டைக்குப் போனது. மேல் லயத்து மாமியார்கள் கீழ் லயத்து மருமகன்களுக்கு முந்தானையில் முடிந்து பொடி கொண்டுவந்தார்கள். சம்பந்தி உறவுக்கு முன்னால் ஆராய்ச்சியாவது, ஒன்றாவது?

இந்தச் சமயத்தில் கோலா பிலாவிலிருந்து ஒரு ஜப்பான் ராணுவ டாக்டர் மலேரியாப் பரிசோதனைக்கு வந்தார். தன் ஊரில் பல் வைத்தியம் பார்த்தவராம். ஞானமுத்து விடுவாரா? டின்னைத் தூக்கிக்கொண்டு போய் எதிரில் நின்றார். ஜப்பான் டாக்டர் மோந்து பார்த்தார். பல்லில் தேய்த்துப் பார்த்தார். சிப்பாய்களுக்கும் ஈறில் ரத்தம் வந்துகொண்டிருந்த நேரம் அது. அவருக்கு முகம் மலர்ந்தது.

"முடிவு தெரியும் வரைக்கும் இந்த இரண்டு லயத்து ஆட்களையும் யாரும் வேறு வேலைக்கு இழுக்கக் கூடாது. பொடி வேலை செய்தால் உன்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் வைக்கிறேன்."

எனக்குப் புரிந்த ஜப்பான் மொழியில் இவ்வளவையும் பிடித்து, கூட்டத்துக்குச் சொன்னேன். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டிரெஸர் மட்டும் பெரிய ஆஸ்பத்திரியை எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் லோரி வந்தது.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிற லோரி. அரிசிச் சோறு கிடைக்கும், சீக்கிரம் திரும்பலாம் என்றார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஏறினவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. எங்கள் தோட்டத்துக்கு வந்த அதிகாரி, ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணியிடம் ஏதோ கேட்டார், கோலா பிலாவுக்குப் போன் போட்டார், எரிச்சலோடு லோரியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அன்றைக்குத்தான் எல்லாருக்கும் உறைத்தது. எங்கள் உயிர் எங்கள் ஈறில் இருக்கிறது!

அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே... ஆஸ்பத்திரி வாசலில் திருவிழாக் கூட்டம். ரத்தமே வராதவன் தேங்காய் நாரால் தேய்த்து ரத்தம் வரவழைத்துக்கொண்டு வந்தான். வேறு லயத்து ஆட்கள் மாமன், மச்சான் என்று சொல்லி எங்கள் வீடுகளில் குடியேறினார்கள். ஒரு ரூமில் இரண்டு குடும்பம்.

"பாத்தீங்களா வாத்தியாரே," என்றார் டிரெஸர் நெகிழ்ந்துபோய், "சயன்ஸ் மேல நம்ம ஜனங்களுக்கு என்னா ஆர்வம்!"

இந்த மனிதரை என்ன செய்வது?

அப்போதுதான் பேரிடி விழுந்தது. ஈறெல்லாம் குணமாக ஆரம்பித்தது.

டிரெஸர் ஒரு குச்சியால் ஒவ்வொரு உதடாகத் தூக்கிப் பார்த்தார். மேல் லயத்தில் ரத்தம் நின்றிருந்தது. ஆடின பல் கெட்டியாக நின்றது. துள்ளிக் குதித்தார். "சக்ஸஸ்!"

"டிரெஸரய்யா, கீழ் லயத்துலயும்தான் நின்னுருக்கு. என் வாயப் பாருங்க. எனக்கு வெறுங்கரிதானே குடுத்தீங்க?"

யோசித்தார். ரொம்ப நேரம் எல்லாம் இல்லை.

"கிராம்பு வாசம்... காத்துல பரவியிருக்கும்."

ஆராய்ச்சி முடிந்துவிட்டது, பொடி ஜெயித்துவிட்டது என்று ஜப்பான் டாக்டருக்குச் சொல்லியனுப்பிவிட்டார். அவரும் வருகிறேன் என்று தகவல் அனுப்பினார். ஆராய்ச்சி முடிந்தால் என்ன ஆகும்? நான் எடுத்துச் சொன்னேன். "உங்களுக்கு சயன்ஸ் தெரியாது" என்றார். அந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்ல இன்று வரை ஒரு வழி கண்டுபிடிக்கவில்லை.

கீழ் லயத்து அஞ்சலை ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். பால் மரம் சீவுகிறவள். புருஷன் முனியன் வாட்டசாட்டமான ஆள். லோரிக்காரன் முதலில் கை காட்டுகிற மாதிரி உடம்பு.

"முடிஞ்சிருச்சுன்னு சொல்லப் போறீங்களாமே டிரெஸரய்யா?"

"ஆமாம்மா. மருந்து ஜெயிச்சிருச்சு. சந்தோசப்படு."

"முடிஞ்சா லோரி வரும்ல?"

"அது என் டிப்பார்ட்மெண்ட் இல்ல."

"எங்கண்ணன் பக்கத்துத் தோட்டத்துல ஏறுச்சு. ஏறுனதுதான். இருக்கா, செத்துச்சான்னே தெரியல. எங்க வீட்டு ஆளும் போயிட்டா நான் எங்க போயி நிப்பேன்?"

"அஞ்சல, நான் சயன்ஸ் படிச்சவன். பொய் சொல்ல முடியாது."

அஞ்சலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். அழவில்லை.

"பல்லக் காப்பாத்திட்டீங்க. சரி. பல்லுக்குப் பின்னால ஒரு மனுசன் நிக்கிறான்ல? அவன என்னா பண்றதா உத்தேசம்?"

டிரெஸர் டின்களை அடுக்க ஆரம்பித்தார். ஏற்கனவே அடுக்கியிருந்த டின்கள்தான். "போம்மா... ட்யூட்டி டைம்" என்றார். குரலில் இங்கிலீஷ் மிடுக்கு இல்லை.

ஜப்பான் டாக்டர் வந்தார். அவர் காருக்குப் பின்னாலேயே லோரியும் வந்தது. காலி லோரி. பின்பக்கப் பலகையைத் திறந்துபோட்டுக்கொண்டு நின்றது.

காலையில் ஆள் கூடுகிற பெரட்டுத் திடலில் இரண்டு லயமும் நின்றது. டிரெஸர் மரவள்ளி மாவுக் கஞ்சி போட்டு விறைப்பாக்கிய கோட்டில் வந்தார். இங்கிலீஷில் ஒரு சொற்பொழிவு தயாராக இருந்தது. அதை நான் ஜப்பான் மொழியில் சொல்ல வேண்டும். கடவுள்தான் எங்கள் இருவரையும் காப்பாற்ற வேண்டும்.

ஜப்பான் டாக்டர் சில வாய்களைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். தலையாட்டினார். திரும்பி ஒரே கேள்வி கேட்டார்.

"முடிவு என்னன்னு கேக்குறாரு டிரெஸரய்யா." முடிவு எனக்கும் சேர்த்துத்தான். நானும் கீழ் லயத்து ஆள்தானே?

ஞானமுத்து சொற்பொழிவுத் தாளைப் பிரித்தார். மடித்தார். முனியன் முதல் வரிசையில், எதற்கென்று தெரியாத ஒரு சிரிப்போடு நின்றிருந்தான். அஞ்சலை டிரெஸரைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்க்கவில்லை. லோரியின் திறந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரெஸரின் கண்ணும் அங்கே போனது.

அந்தக் காலத்து ஆட்களுக்கு ஒன்று தெரியும். ஜப்பான் அதிகாரியிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம்—'தெரியாது' என்று மட்டும் சொல்லக் கூடாது. அடி நிச்சயம்.

"வக்காரிமாசென்," என்றார் டிரெஸர்.

தெரியாது! எனக்கு வேலையே வைக்கவில்லை. அந்த ஒரு ஜப்பான் சொல் எல்லாருக்கும் தெரியும். பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில், தன் வாழ்நாளில் முதல் தடவையாகத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"மருந்து வேலை செய்யுதா இல்லியான்னு எனக்குத் தெரியல. இன்னும் ஆராய்ச்சி பண்ணணும். சொல்லுங்க வாத்தியாரே."

சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் விழுந்தது ஓர் அறை. டிரெஸர் மண்ணில் கிடந்தார். எழுந்தபோது அவருடைய முன்பல் அவர் உள்ளங்கையில் இருந்தது. கஞ்சி போட்ட கோட்டெல்லாம் ரத்தம்.

ஜப்பான் டாக்டர் கத்தினார். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: மடையா, வெற்றி என்று சொல்லி என்னை வரவழைத்தாயே, முதலிலிருந்து ஆரம்பி, உருப்படியான முடிவு இல்லாமல் என் கண்ணில் படாதே. பெரிய ஆஸ்பத்திரி அத்தோடு போயிற்று. கார் கிளம்பியது. லோரி பலகையை மூடிக்கொண்டு பின்னாலேயே போனது.

யாரும் கை தட்டவில்லை. அஞ்சலை ஒரு சொம்பில் உப்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். டிரெஸர் வாங்கிக் கொப்புளித்தார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த லோரி சயாமுக்குக் காலியாகப் போகவில்லை. வழியில் இன்னொரு தோட்டம் இருந்தது. அங்கே யாரும் பல் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கவில்லை.

எங்கள் ஆராய்ச்சி தொடர்ந்தது. ஜப்பான்காரன் சரணடைந்த நாள் வரைக்கும் முடிவே வரவில்லை. முனியன் தோட்டத்திலேயே இருந்தான். நானும் இருந்தேன். அஞ்சலையின் அண்ணன் வரவில்லை.

சண்டை முடிந்த பிறகு சிரம்பானில் ஒரு பல் டாக்டரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "பச்சையும் புளிப்பும் இல்லாம ஈறு கெட்டிருக்கும் சார். அந்தச் சமயத்துல புதுசா என்ன சாப்பிட்டீங்க?" யோசித்தேன். கிழங்கு சலித்துப்போய் மரவள்ளிக் கொழுந்தை அவித்துத் தின்ன ஆரம்பித்திருந்தோம். கொய்யா, எலுமிச்சை—கண்ணில் பட்டதையெல்லாம். மேல் லயமும்தான், கீழ் லயமும்தான். "அப்புறம் என்ன? கிராம்புப் பொடியும் ஒண்ணுதான், அடுப்புக் கரியும் ஒண்ணுதான்!"

ஆக, 'மருந்து வேலை செய்கிறதா என்று தெரியாது' என்பது அப்பட்டமான உண்மை!

இதை நான் ஞானமுத்துவிடம் சொன்னேனா? அதற்குள் அவர் பகாவில் கடை போட்டு அதே பொடியை விற்றுக்கொண்டிருந்தார். டின்னில் 'ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது' என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் அவர் படம்—வாயை இறுக்கி மூடிக்கொண்டு.

ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது கண் கலங்கினார். "வாத்தியாரே, வாழ்க்கையில ஒரே ஒரு தடவதான் சயன்ஸுக்குத் துரோகம் பண்ணேன். ஜெயிச்ச மருந்த, தெரியலன்னு பொய் சொல்லிட்டேன். இன்னும் உறுத்துது."

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். வேறென்ன செய்ய?

அந்த ஆராய்ச்சியில் அவர் சொன்ன ஒரே உண்மைக்குத்தான் மனிதர் கடைசி வரை வெட்கப்பட்டார். மற்றதையெல்லாம் டின்னில் அச்சடித்து விற்றார்!