வலது தொடைக்கு அரைத்த துவையல்

மாவுக்கட்டைப் பிரித்தபோது உள்ளே இருந்தது என் கணவரின் கால் மாதிரியே இல்லை. தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது. தொடை சூம்பிப்போய், முழங்கால் மட்டும் பெரிதாகத் துருத்திக்கொண்டிருந்தது. வளைகுடாவில் கம்பி கட்டும் வேலையில் சாரத்திலிருந்து விழுந்து ஊர் வந்தவர். ஈஸ்டர் முடிந்ததும் நல்ல காலோடு திரும்பினால் வேலை உண்டு, இல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள் என்று ஏஜெண்ட் கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்து சொல்லியிருந்தார்.

அவர் போக வேண்டும் என்று அந்த வீட்டில் என்னைவிட அதிகமாக ஆசைப்பட்டவர் யாரும் இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறவரைப் பொறுத்துக்கொள்ளலாம். இப்போது மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தார். அதிகம் பேசாத என்னை 'ஊமைச்சி' என்றுதான் கூப்பிடுவார். உப்புக் குறைந்தால் தட்டு என்மேல் வரும்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தரும் பெண் இரண்டு தொடைகளையும் இஞ்ச் டேப்பால் அளந்தாள். வலது நான்கு விரல்கடை இளைத்திருந்தது. என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். கஞ்சியும் நார்த்தங்காய் ஊறுகாயும் என்றேன். சிரித்தாள்.

"அண்ணே, நீங்க கம்பி கட்டுறவரு. கம்பியே வராத எடத்துல என்ன கட்டுவீங்க?"

பிறகு என்னிடம் பொறுமையாகச் சொன்னாள். முட்டை, மீன், பால் எல்லாம் வயிற்றில் போய் அமினோ அமிலம் என்று சின்னச் சின்னத் துண்டுகளாக உடையுமாம். அந்தத் துண்டுகளை வைத்துத்தான் உடம்பு தசையைக் கட்டுமாம். அதில் சிலவற்றை உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். காலில் மணல்மூட்டை கட்டித் தூக்கவும் வேண்டும், தூக்கினால்தான் கால் அந்தத் துண்டுகளை வாங்கிக்கொள்ளும். தூக்காமல் தின்றாலும் வீண், தின்னாமல் தூக்கினாலும் வீண்.

வீட்டுக்கு வந்தால் மறுநாள் திருநீற்றுப் புதன், தவக்காலம் தொடங்கும் நாள். மகன் நடந்து கோயிலுக்கு வரும்வரை இந்த வீட்டில் மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது என்று என் மாமியார் நேர்ந்துகொண்டிருந்தார். பருப்பும் கூடாது, வாயு காலில் இறங்கிவிடும். கஞ்சிதான். அவரும் தாய் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டார்.

நோயாளிக்கு விலக்கு உண்டா என்று நான் பங்குச்சாமியாரிடம் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, மாமியார் காலைப் பூசைக்குப் போன நேரத்தில் நான்கு முட்டைகளை அவித்து, வெள்ளைக்கருவைத் தேங்காயோடும் பூண்டோடும் அம்மியில் மைய அரைத்தேன். துவையல் வெள்ளையாகத்தான் இருந்தது. மஞ்சள்கருவை வீணாக்க மனமில்லாமல் கொல்லையில் நின்று நானே விழுங்கினேன். ஓட்டை எருக்குழியில் புதைத்தேன்.

அவர் கஞ்சிக்குத் துவையலைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார். மாமியாரும் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டு, பூண்டு தூக்கலாக இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்றார். அவர் தவத்தை அவருக்கே தெரியாமல் தினமும் உடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது இனித்தது என்பதை மறைப்பதற்கில்லை.

முதல் வாரம் அரைக் கிலோ மணலையே தூக்க முடியாமல் கால் நடுங்கியது. நான்காம் வாரம் இரண்டு கிலோ. அவர் தூங்கும்போது தாவணிக் கிழிசலால் தொடையை அளந்து முடிச்சுப் போட்டு வைப்பேன். முடிச்சு நகர்ந்துகொண்டே வந்தது.

குருத்தோலை ஞாயிறன்று கோழிகள் எருக்குழியைக் கிளறிவிட்டன. மாமியார் ஓடுகளை முறத்தில் பொறுக்கிக்கொண்டுவந்து, கட்டில் விளிம்பில் மணல்மூட்டையோடு உட்கார்ந்திருந்த மகன் முன்னால் வைத்தார்.

"பாரு தம்பி, ஒம் பொண்டாட்டி தவம் இருந்த லட்சணத்த."

கணவர் என்னை அருகில் கூப்பிட்டார். போனேன். துவையலில் போட்டேன், உங்கள் காலுக்குத்தான் என்று சொன்னேன்.

"நேத்தியக் கெடுத்துட்டு வாய் வேற பேசுதா ஊமைச்சி?" என்றார். "காலு வெளங்காமப் போனா, ஒங்கப்பன் காலக் கழட்டித் தருவானா?"

அதே காலால் உதைத்தார், மூட்டையோடு. கதவு நிலையில் இடுப்பு மோதி விழுந்தேன். மாமியார் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தரையில் கிடந்தபடி நான் பார்த்தது அந்தக் காலைத்தான். முழங்கால் மடங்காமல் நேராக நீண்டு, நடுங்காமல் நின்றது.

மறுநாள் நான்கு முட்டைகளை அவித்து உரித்து, ஒளிக்காமல் அவர் தட்டில் வைத்தேன். மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் என்னைப் பார்க்காமல் நான்கையும் தின்றார்.

ஈஸ்டருக்குக் கோயில்வரை நடந்தார். நேர்த்தி பலித்துவிட்டதாக மாமியார் எல்லோரிடமும் சொன்னார். நோயாளிகளுக்குத் தவக்காலக் கட்டுப்பாடே கிடையாதே அம்மா என்று பங்குச்சாமியார் சொன்னபோது, அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் கணவர் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். இடுப்பு வலியில் என்னால் குனிய முடியாததால், பெட்டியை அடுக்கித் தந்தது மாமியார்.