எடெல்மிராவின் பூட்ஸ் அடுப்பு

முதலில் மூக்கு. ஈரம் சொட்டும் பூட்ஸை வாசலிலேயே வாங்கி, உள்ளே மூக்கை விட்டு ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்த பிறகுதான் எடெல்மிரா கார்காமோ அதன் சொந்தக்காரரை நிமிர்ந்து பார்ப்பார். "ரெண்டு நாளா ஓடையில நடந்திருக்கே. சாக்ஸும் மாத்தல. உள்ள வா, சூப்பு சூடா இருக்கு." பெயர், ஊர், பாஸ்போர்ட் எல்லாம் அதற்கப்புறம்.

யாங்கிகுவே ஏரிக்கரையில், ஓசோர்னோ எரிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது அவருடைய விடுதி. முதுகில் பையைச் சுமந்து வருகிறவர்களுக்கு எட்டுக் கட்டில், ஒரே குளியலறை. ஆனால் போனவர்கள் வருகிறவர்களிடம் சொல்லி அனுப்புவது கட்டிலைப் பற்றி அல்ல, சமையலறையில் இருக்கும் இரும்பு விறகடுப்பைப் பற்றி. சாயங்காலம் குளமாக வந்த பூட்ஸை விடியும்போது காய்ந்த பூட்ஸாகத் திருப்பித் தர அந்தக் கரையில் வேறு ஆள் கிடையாது.

அதற்கு அவர் வைத்திருக்கும் சட்டங்கள் கடுமையானவை. அடுப்பிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் வைக்க வேண்டும். கிட்டே போனால் அடிப்பாகம் வாயைப் பிளந்துவிடும். உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணிக்க வேண்டும். அரசியல் பக்கம்தான் ஈரத்தை நன்றாகக் குடிக்கும் என்பது அவர் கட்சி. விளையாட்டுப் பக்கத்தைப் படிப்பதற்கு எடுத்து வைத்துக்கொள்வார். ஒவ்வொரு ஜோடியின் நாடாக்களையும் ஒன்றோடொன்று முடிந்துவிடுவார். அந்த முடிச்சில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. "இருபத்திரண்டு வருஷம்! ஆஸ்பத்திரியில கொழந்த மாறும், என் அடுப்படியில பூட்ஸ் மாறாது."

விருந்தாளிகளின் பெயர் அவர் நாக்கில் நிற்பதில்லை. "ஏய் செவப்பு நாடா, ரொட்டி ஆறுது!" என்பார். "ஓட்டக் குதிகால் எங்க, இன்னும் குளிக்குதா?" என்பார்.

இத்தனை பேரை மலைக்கு அனுப்பி வைக்கிறவர் மலையில் ஏறியதே இல்லை. "முட்டி தேய ஏறி, மேகத்துக்குள்ள நின்னு, நனைஞ்சுபோய்த் திரும்பி வராங்க. அதுக்கு என் கொல்லையில நின்னா போதாதா?" வெயிலும் அவருக்கு ஆகாது. வெயில் அடித்தால் கடிக்கிற குதிரை ஈக்கள் கிளம்பிவிடும். மழைதான் நல்ல நாள்.

போன ஜனவரியில் தலைநகரிலிருந்து நோட்டரி எவாரிஸ்தோ லாரெனாஸ் வந்தார். வயது அறுபத்தொன்று. ஆள் குள்ளம், மீசை நீளம். மகளைக் கட்டிக்கொள்ளப் போகும் ஃபெர்மீனையும் கூட்டிக்கொண்டு, எரிமலையின் இடுப்பைச் சுற்றி இரண்டு நாள் நடப்பதாகத் திட்டம். "மலையில ஒருத்தன் எப்படி இருக்கான்னு பார்த்துட்டா போதும், வேற ஜாதகமே வேண்டாம்" என்று மருமகன் காதுபடவே சொன்னார்.

பூட்ஸை அடுப்போடு ஒட்டி வைக்கப் போனவரை எடெல்மிரா தடுத்தார்.

"அம்மா, நான் நாப்பது வருஷமா மலை ஏறுறேன். பூட்ஸ் காயவைக்க எனக்குச் சொல்லித் தராதீங்க."

எடெல்மிரா கோழிகளை அடைக்கப் போனார். அந்த ஐந்து நிமிடத்தில் நோட்டரி முடிச்சுகளை அவிழ்த்து, தன் பூட்ஸை முன்வரிசைக்கு நகர்த்தி, இடைஞ்சலாக இருந்தவற்றைப் பின்னால் தள்ளிவிட்டார்.

மறுநாள் விடியலில் கரண்ட் இல்லை. மாமனும் மருமகனும் இருட்டில் தடவி மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்கள். எட்டு மணிக்கு இங்காலில் என்ற விருந்தாளி எழுந்து வந்தாள். சுவீடன் நாட்டுக்காரி, கதவு நிலையில் குனிந்து நுழையும் உயரம். வலது காலை மாட்டினாள். இடது கால் பாதியில் நின்றது.

"அம்மா, ஒரே ராத்திரியில என் கால் வளந்துடுச்சா?"

எடெல்மிரா வாங்கித் திருப்பிப் பார்த்தார். அதே கம்பெனி, அதே பழுப்பு. ஆனால் அடியில் நாற்பத்து மூன்று இருக்க வேண்டிய இடத்தில் நாற்பது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"பொடிக்கால் நோட்டரி!"

மூன்று அளவு பெரிய பூட்ஸோடு எரிமலை மணலில் இரண்டு நாள் நடந்தால் குதிகாலில் தோல் மிஞ்சாது. பக்கத்து வீட்டு பால்தோமேரோவின் பால் வண்டி எடெல்மிராவைப் பாதை தொடங்கும் இடம் வரை கொண்டுபோய் விட்டது. அதற்கு மேல் நடைதான். ரப்பர் பூட்ஸ், பிளாஸ்டிக் மழைக்கோட்டு, அக்குளில் அந்த ஒற்றை பூட்ஸ். கறுப்பு மணலில் இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கியது. ஒவ்வொரு சறுக்கலுக்கும் நோட்டரிக்கு ஒரு வசவு தயாரானது. நடுவில் அதையெல்லாம் ஒருமுறை முதலிலிருந்து சொல்லிப் பார்த்துச் சரிசெய்துகொண்டார்.

எதிரே இறங்கி வந்த ஒரு கூட்டம் நின்றது. "என்னம்மா, ஒத்த பூட்ஸத் தூக்கிட்டு எங்க?"

"மாப்பிள்ளை பார்க்க."

மதியம் போல ஒரு பாறை மறைவில் பேச்சுக் குரல் கேட்டது.

"மாமா, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ உக்காறீங்களே. கால் எதாவது வலிக்குதா?"

"வலியா? எனக்கா? உனக்காகத்தான்ப்பா உக்காறேன். உனக்கு மூச்சு வாங்குதே."

எடெல்மிரா பாறையைச் சுற்றி முன்னால் போய் நின்றார். நோட்டரியின் இடது பூட்ஸுக்குள்ளிருந்து இரண்டு ஜோடி சாக்ஸும் கம்பளித் தொப்பியின் குஞ்சமும் எட்டிப் பார்த்தன. அவர் எடெல்மிராவின் கையைப் பார்த்தார். பிறகு மருமகனைப் பார்த்தார். நனைந்த மீசை இரண்டு பக்கமும் தொங்கியது. வழக்கில் தோற்ற முகம் அது. தண்டனையை மட்டும் தனியாகச் சொல்லிவிடுங்கள் என்று கேட்கிற முகம்.

நான்கு மணி நேரம் திரட்டிய வசவு அத்தனையும் எடெல்மிராவின் நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

"தப்பு என்னுதுங்க ஐயா" என்றார். "ஜோடிய மாத்தி வச்சிட்டேன். கண்ணு முன்ன மாதிரி இல்ல."

ஃபெர்மீனுக்கு ஆச்சரியம். "இருபத்திரண்டு வருஷமா ஒண்ணுகூட மாறலன்னு நேத்துத்தானே சொன்னீங்க?"

"நேத்து வரைக்கும் மாறல தம்பி."

நோட்டரி மெல்ல மூச்சு விட்டார். மூச்சு திரும்பியதும் மீசையும் பழைய நிலைக்கு வந்தது. "பரவாயில்லம்மா. வேலைன்னா தப்பு நடக்கத்தான் செய்யும். நான் ஒண்ணும் மனசுல வச்சுக்க மாட்டேன்."

எடெல்மிராவின் வாயிலிருந்து ஒரு வார்த்தை ஏறக்குறைய வெளியே வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார்.

"கால நீட்டுங்க."

ஈர மணலில் மண்டியிட்டு, குஞ்சத்தைப் பிடித்து இழுத்துத் தொப்பியை வெளியே எடுத்தார். குதிகாலில் நாணய அளவுக்குக் கொப்புளம். அதைத் துடைத்துப் பிளாஸ்திரி ஒட்டி, சொந்த பூட்ஸை மாட்டி, நாடாவை இறுக்கினார்.

அப்போது காற்று திரும்பியது. ஒன்பது நாளாக மூடிக் கிடந்த மேகம் நடுவில் கிழிந்து, அவர் முதுகுக்குப் பின்னால் எரிமலை உச்சிப் பனி வரை முழுசாக வந்து நின்றது.

"மாமா! அங்க பாருங்க, மாமா!" ஃபெர்மீன் கேமராவைத் தேடிப் பையைக் கொட்டினான். நோட்டரி வாயைத் திறந்தபடி எழப் பார்த்தார்.

"ஆடாதீங்க" என்றார் எடெல்மிரா. தலையைத் திருப்பாமல், பூட்ஸின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்தி, உள்ளே நோட்டரியின் பெருவிரல் எதுவரைக்கும் வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.